தபாற்கந்தோரும் ஊர்ச் சபையும்

கல்லூரியின் வரலாறும் சங்கத்தின் வரலாறும் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதப்பட்டுள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டது அவ்விரண்டுக்கும் பக்கத்துணையாக நின்ற ஒன்றை, எமது ஊர்களின் தபாற்கந்தோரை. பழைய மாணவிகள் சங்கம் என்பது தொடக்கத்தில் என்னவாக இருந்தது? படிப்பு முடிந்து, கலியாணம் முடிந்து, கணவரின் உத்தியோகத்தோடு பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட பெண்களை, ஒரு செயலாளர் முத்திரை ஒட்டிய கடிதங்களால் கட்டி வைத்திருந்ததுதான் சங்கம். பொதுக்கூட்ட அறிவித்தல் தபாலிற் போனது. சந்தா மணியோடராக வந்தது. பரிசளிப்பு விழாவுக்கு வரமுடியாதவர் வாழ்த்தைத் தந்தியில் அனுப்பினார். தபாற்காரர் இல்லாதிருந்தால் நூற்றாண்டு கொண்டாட எமக்குச் சங்கமே இருந்திராது.

இன்று உலகின் பல நாடுகளில் தபாற்கந்தோர்கள் மூடப்படுகின்றன. எமது பழைய மாணவிகள் குடியிருக்கும் நாடுகளே அவற்றில் முன்னணியில் நிற்கின்றன. எமது ஊரில் ஒன்றை மூடப்போகிறார்கள் என்று நாளை செய்தி வந்தால் யார் எழுந்து கேட்பது? முதலிற் கேட்கவேண்டியது ஊரின் சபை. ஆனால் குடாநாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. இங்கே தபாற்கந்தோர்களைவிடச் சபைகளே நீண்ட காலம் மூடிக் கிடந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் எமக்கு விட்டுப்போனது. தமிழகத்திலிருந்து வரும் உறவினர் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள், நாம் விடுவதாயில்லை. கரையோரத்தில் ஒழுங்கான தபாற்சேவை 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆட்சி ஆங்கிலேயரிடம் கைமாறிய காலத்தில் உருவெடுத்தது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்பிரல் 1ஆம் நாள் வெளிவந்தது. அதற்கு வெகு முன்பே யாழ்ப்பாணத்தில் இருந்து கடிதம் எழுதியவர்கள் அமெரிக்க மிசனறிமார். 1816இல் இங்கு வந்து சேர்ந்த அவர்களின் கடிதங்கள் பாய்க்கப்பலில் பொஸ்ரனைச் சென்றடைய மாதங்கள் ஆகும். பதில் வர இன்னும் அத்தனை மாதங்கள். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833இல் இறந்தார். அவரது வாழ்க்கையை அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் வைத்துத்தான் கணவர் நூலாக்கினார். குடாநாட்டுப் பெண்கல்வியின் முதல் ஆவணங்களில் சில கப்பலில் போன கடிதங்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

புகையிரதம் வந்தபின் எல்லாம் விரைவாயிற்று. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி, 1905 ஓகஸ்ட் முதல் கொழும்போடு நேரடியாக இணைந்தது. முதல் நாள் கொழும்பில் போட்ட கடிதம் இரவு மெயில் வண்டியில் ஏறி மறுநாள் யாழ்ப்பாணத்தில் இறங்கும். 1914இல் பாம்பன் பாலம் வந்தபின் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகச் சென்னைப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் எமது வாசிகசாலைகளுக்கு ஒழுங்காக வந்தன. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர்தான் அந்தப் பாதை அறுந்தது.

தபாலைக் குடாநாட்டின் உயிர்நாடியாக்கியது மலாயா. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து, மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்த எமது ஆண்பிள்ளைகள் மலாயாவின் புகையிரதத் திணைக்களத்துக்கும் திறைசேரிக்கும் தபாற் திணைக்களத்துக்கும் எழுதுவினைஞர்களாகப் போனார்கள். அங்கிருந்து மாதா மாதம் மணியோடர் வந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தையே மணியோடர்ப் பொருளாதாரம் என்று சொல்வதுண்டு. புகையிலையும் பனையும் சோறு போட்டன. கல்வீடும் சீதனமும் கோயில் திருப்பணியும் பெரும்பாலும் தபாற்கந்தோர் யன்னல் வழியே வந்தவை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும்: பெண்பிள்ளைகளின் விடுதிக் கட்டணமும் அந்த யன்னல் வழியேதான் வந்தது. தகப்பன் ஈப்போவிலோ சிரம்பானிலோ இருப்பார். மகள் இங்கே விடுதியில் இருப்பாள். இடையில் மணியோடர்க் கடதாசி ஒன்று. அதன் அடித்துண்டில் செய்தி எழுத விட்டிருக்கும் சிறிய இடத்துக்குள் ‘நன்றாகப் படிக்கவும்’ என்று நாலு சொல் நெருக்கி எழுதியிருப்பார்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததோடு அந்தக் கடதாசியும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் மலாயாவிலிருந்து பணமும் இல்லை, கடிதமும் இல்லை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தாலியோடு காத்திருந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1945இல் போர் முடிந்து முதற் கடிதங்கள் வந்தபோது சில வீடுகளில் விளக்கேற்றினார்கள். சில வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. தபால் நின்றால் என்ன ஆகும் என்பதைக் குடாநாடு முதன்முறை அறிந்தது அப்போதுதான். இரண்டாம் முறை எமது காலத்தில் வந்தது.

ஆண்கள் எழுதிய ஊர் வரலாறுகளில் தபாற்கந்தோர் ஒரு கட்டடம். தபாலதிபர் ஒரு பெரிய மனிதர். பெண்களுக்கு அது வேறொன்றாக இருந்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் எமது முன்னோர் கண்டுபிடித்த பதில், கடிதம் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பது. போதும் என்று அவர்கள் வைத்த எல்லைதான் பிறகு வாசலாயிற்று. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படித்த பெண்பிள்ளை ஒழுங்கைக்கே எழுத்தர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அயல்வீட்டு ஆச்சி கடிதத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டுவார். வாசிக்கவேண்டும், பிறகு ஆச்சி சொல்லச் சொல்லப் பதில் எழுதவேண்டும். ஆச்சி மகனைத் திட்டிச் சொல்லும் வரிகளை மெல்லத் திருத்தி எழுதுவதும், மருமகள் மீதான முறைப்பாட்டை அரைவாசியாக்குவதும் அந்தச் சின்னப் பெண்ணின் கையில் இருந்தது. தமிழ்க் கட்டுரைக்கு வகுப்பிற் கிடைத்த பயிற்சியைவிட இந்தப் பயிற்சி பெரிது என்று எம்முள் மூத்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று காசு. தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885இல் தொடங்கியது. 1972இல் அது தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தது. பட்டணத்துப் பெரிய வங்கிக்குள் ஒரு கிராமத்துப் பெண் தனியே போவதை எண்ணிப் பார்க்க முடியாத நாட்களில், தபாற்கந்தோரில் அவள் பெயரிலே ஒரு புத்தகம் இருந்தது. சில்லறைக்குச் சேமிப்பு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிய நினைவு எம்மில் பலருக்கு உண்டு. அரச உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஓய்வூதியத்தில் தங்கியிருந்த வீடுகள் எமது ஊர்களில் ஏராளம். வெள்ளைச் சேலையோடு மாதம் ஒருமுறை கந்தோருக்கு நடந்த அம்மம்மாமாருக்கு, வீட்டுக்கு வெளியே சொந்தக் கையெழுத்துக்கு மதிப்பிருந்த இடம் அது ஒன்றுதான்.

இனிச் சபைக்கு வருவோம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு கிராமச் சங்கங்கள் புத்துயிர் பெற்றன. பின்னர் சிறு நகரங்களுக்குப் பட்டின சபைகள் வந்தன. யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையாயிற்று. தபால் இவற்றில் எதன் அதிகாரத்துக்கும் உட்பட்டதல்ல. தபாற்கந்தோர் வேண்டுமென்றால் ஊரார் பெட்டிசம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அதைக் கிராமச் சங்கத் தலைவர் ஒப்பமிட்டு அனுப்பினால் கொஞ்சம் பாரம் கூடும், அவ்வளவுதான். எமது ஊர்ப் பெரியவர்களின் ஆங்கிலப் புலமையில் கணிசமான பங்கு இந்தப் பெட்டிசங்களிற் செலவாகியிருக்கும் என்று நினைக்கிறோம்.

ஆனால் அதிகாரம் இல்லாத சபைக்கும் தபாலோடு ஒட்டிய வேலைகள் நிறைய இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒழுங்கைக்குப் பெயர் வைப்பது சபை. ஆதன வரி அறவிடும் இடங்களில் வீட்டுக்கு இலக்கம் போடுவதும் சபை. தபாற்காரரின் சைக்கிள் போகும் பாதையைத் திருத்துவதும், கந்தோர் வாசலில் தெருவிளக்குப் போடுவதும், பக்கத்து வாய்க்காலை வெட்டுவதும் சபை. விலாசம் என்பதே சபையும் தபாலும் சேர்ந்து செய்யும் வேலை. ‘பிள்ளையார் கோவிலடி, சங்கக்கடைக்குப் பின்னால்’ என்று எழுதினாலும் எமது தபாற்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது உண்மை. அது அவர்களின் திறமை; சபையின் பெருமையல்ல.

இந்தச் சபைகளுக்கு என்ன நடந்தது என்பதை ஆண்டு வாரியாகச் சொல்வது நல்லது, பலர் மறந்துவிட்டார்கள். கிராமச் சங்கங்களும் பட்டின சபைகளும் 1981இல் இல்லாமற் செய்யப்பட்டன. அவற்றின் இடத்தில் மாவட்டத்துக்கு ஓர் அபிவிருத்திச் சபை. அதற்கான தேர்தல் யாழ்ப்பாணத்தில் 1981 யூன் 4ஆம் நாள் நடந்தது. பொது நூலகம் எரிந்து நான்கு நாட்கூட ஆகவில்லை. 1983 மே மாதத்தில் மாநகர, நகர சபைகளுக்குத் தேர்தல் வைத்தார்கள். பெரும்பாலானோர் வாக்களிக்கப் போகவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகின. எமது ஊர்களில் அவற்றுக்கான முதற் தேர்தல் 1998 சனவரியில்தான் நடந்தது. அதாவது கிராமச் சங்கம் போனதிலிருந்து பதினேழு ஆண்டுகள் எமது கிராமங்களுக்குத் தாமே தெரிந்தெடுத்த ஊர்ச் சபை இல்லை.

அந்தப் பதினேழு ஆண்டுகளும் எவை என்று நாம் சொல்லத் தேவையில்லை. 1990 யூனில் புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது. தபாற்கந்தோர்கள் மட்டும் ஏதோ ஒரு வகையில் திறந்திருந்தன. கடிதம் மாதக்கணக்கிற் பிந்தி வந்தது. சில வேளை மூன்று மாதத்துக் கடிதங்கள் ஒரே நாளில் ஒரே கட்டாக வந்தன. எதை முதலில் உடைப்பது என்று முத்திரையின் நாளைப் பார்த்து அடுக்கி வைத்து வாசித்தோம். கனடாவில் பிள்ளை பிறந்த செய்தி வந்து சேரும்போது பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும். கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்திற் கடந்தவர்களின் பைக்குள் ஊரவர் கொடுத்துவிட்ட கடிதங்கள் இருந்தன. கொழும்பில் இறங்கியதும் அவர்கள் முத்திரை ஒட்டிப் பெட்டியிற் போட்டார்கள். மணியோடரின் இடத்தை உண்டியல்காரர் பிடித்துக்கொண்டார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது விலாசம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமற் போயிற்று. சொந்தத் தமக்கை எந்தப் பாடசாலை மண்டபத்தில், எந்த மரத்தின் கீழ் இருக்கிறாள் என்று தெரியாதபோது கடிதத்தை எங்கே எழுதுவது?

இந்தப் பக்கத்தில் ஒருவரின் பெயரைச் சொல்லாமற் போகமுடியாது. 1998இல் தெரிவான மாநகர சபையின் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன், யாழ்ப்பாண மாநகரின் முதற் பெண் முதல்வர். அவ்வாண்டு மே 17ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பதவியேற்ற பொன். சிவபாலன் செப்ரெம்பரிற் குண்டு வெடிப்பில் இறந்தார். அந்தச் சூழலில் ஒரு சபை எதைக் காப்பாற்றியிருக்க முடியும்? அச்சபைகளின் காலம் முடிந்தபின் மாநகர சபைக்கு 2009 வரையும் ஏனைய சபைகளுக்கு 2011 வரையும் தேர்தல் வரவில்லை. இடையில் 2006 ஓகஸ்ட் 11ஆம் நாள் முகமாலைப் பாதை மூடப்பட்டது. கடிதம் மறுபடியும் கப்பலையும் விமானத்தையும் பார்த்துக் காத்திருந்தது. சபை இல்லை, பாதை இல்லை, தபாற்காரர் மட்டும் படலையில் மணி அடித்தார்.

ஆகவே, எமது தபாற்கந்தோர்களைப் போர் மூடவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையல்ல. பல கட்டடங்கள் போயின, உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் ஊர்களே போயின. ஆனால் சேவையாகத் தபால் நிலைத்தது. அதை நிலைக்கச் செய்தவர்கள் சம்பளத்துக்கு மேல் உழைத்த சிறிய உத்தியோகத்தர்கள். அவர்களைப் பற்றிப் போர்க்கால நூல்களில் ஒரு வரியைத் தேடிப் பிடிப்பதும் சிரமம்.

இப்போது வந்திருக்கும் ஆபத்து வேறு வகையானது. அது ஓசையின்றி வருகிறது. இலங்கையில் 650க்கு மேற்பட்ட தபாலகங்களும் ஏறக்குறைய 3,400 உப தபாலகங்களும் உள்ளன. கிராமங்களில் இருப்பவை பெரும்பாலும் உப தபாலகங்கள். உப தபாலதிபருக்குக் கொடுப்பனவு உண்டு. இடத்தை அவரே ஒழுங்குசெய்வதுதான் பழைய வழக்கம். பல ஊர்களில் அது ஒரு வீட்டின் முன்னறை. அப்படிப்பட்ட கந்தோரை மூடுவதற்கு யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. அவர் ஓய்வுபெறுகிறார், புதியவர் வரவில்லை, அயலூர்க் கந்தோரிலிருந்து ஒருவர் கிழமையில் சில நாள் வந்து போகிறார், வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து அறையைத் திருப்பிக் கேட்கிறார். (அந்த வீட்டுக்காரர் எம்மில் ஒருவராகவும் இருக்கலாம்.) பெயர்ப்பலகை ஒருநாள் கழற்றப்படுகிறது. தீர்மானமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

எழுதுபவர் குறைந்ததும் உண்மை. 2022 ஓகஸ்ட் 15ஆம் நாள் சாதாரண கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. கைத்தொலைபேசியில் பேத்தியின் முகம் தெரியும்போது கடிதம் எதற்கு என்று கேட்பவருக்கு நாமும் பதில் சொல்லச் சிரமப்படுவோம். ஆனால் தபாற்கந்தோருக்கு இன்று போகிறவர்கள் கடிதம் எழுதப் போகவில்லை. ஓய்வூதியமும் முதியோர் கொடுப்பனவும் பொதுசன உதவிப்பணமும் எடுக்கப் போகிறார்கள். பரீட்சை விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலிற் போடப் போகிறார்கள். பாஸ் புத்தகத்தில் இருநூறு ரூபா வைப்பிலிடப் போகிறார்கள். இவர்களிற் பெரும்பகுதி வயதான பெண்கள். பலருடைய பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். கந்தோர் ஐந்து மைல் தள்ளிப்போனால் ஓட்டோக் கூலிக்கே கொடுப்பனவிற் பாதி போய்விடும். நெடுந்தீவில் இருப்பவருக்கு அதுகூட இயலாது. குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும்.

தென்னிலங்கையில் 2023இல் நுவரெலியாத் தபாற்கந்தோர் பேசுபொருளாயிற்று. 1894இற் கட்டிய அந்தச் செங்கற் கட்டடத்தைச் சுற்றுலா விடுதிக்குக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தபாற் தொழிற்சங்கங்கள் நவம்பரில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தன. கட்டடம் தப்பியது, இன்றும் தபாற்கந்தோராகவே இருக்கிறது. அப்போது நுவரெலியா மாநகர சபை என்ன சொன்னது என்று கேட்கலாம். மக்கள் தெரிவுசெய்த மாநகர சபை அப்போது இருக்கவில்லை. நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் காலம் அவ்வாண்டு மார்ச்சில் முடிந்துவிட்டது. தேர்தலுக்குக் காசு இல்லை என்று அரசு சொன்னது. வாக்குச்சீட்டு அச்சிட்டு வராததால் முதலிற் பிற்போடப்பட்டது தபால்மூல வாக்களிப்புத்தான் என்பதையும் ஓரமாகக் குறித்து வைக்கலாம். எமது குடாநாட்டுக்குப் பழக்கமான நோய் நாடு முழுவதற்கும் வந்த ஆண்டு அது. சபைகள் மீண்டும் கூடியது 2025 மே 6ஆம் நாள் தேர்தலுக்குப் பிறகே.

வெளிநாட்டுக் கிளைகளில் உள்ளவர்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்தின் கதையே நன்கு தெரியும். இங்கே படிப்பவர்களுக்காகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம். பிரித்தானியாவில் 2007இல் ஏறத்தாழ 2,500 தபாற்கந்தோர்களை மூடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பல சபைகள் தீர்மானம் நிறைவேற்றின, கையொப்பம் சேர்த்தன. எசெக்ஸ் மாவட்ட சபை ஒரு படி மேலே போனது. தபால் தனது அதிகாரத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டே, 2008இல் மூன்று ஆண்டுகளுக்கு 15 இலட்சம் பவுண் ஒதுக்கி, மூடப்படவிருந்த சிலவற்றைத் தானே தாங்க முன்வந்தது. மற்றச் சபைகள் அங்கே போய் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டன. ஆனாலும் 2024 நவம்பரில், அந்நாட்டுத் தபாற்கந்தோர் நிறுவனம் நேரடியாக நடத்தும் 115 கிளைகளின் எதிர்காலம் மறுபடி கேள்வியாயிற்று.

கனடாவில் 1994இல் நாட்டுப்புறத் தபாற்கந்தோர்களை மூடக்கூடாதென்று ஒரு தடை கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 4,000 கந்தோர்கள் அதன் நிழலில் முப்பது ஆண்டு இருந்தன. 2025 செப்ரெம்பரில் அந்தத் தடையை நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. தென்மார்க்கில் கதை முடிந்தேவிட்டது. 1624இல் தொடங்கிய தபாற்சேவை, 401 ஆண்டுகளின் பின் 2025 முடிவோடு கடித விநியோகத்தை நிறுத்தியது. 2000ஆம் ஆண்டில் 140 கோடிக்கு மேல் இருந்த கடிதங்கள் 11 கோடியாகக் குறைந்திருந்தன. தெருவோரச் சிவப்புப் பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். கடிதம் வேண்டுவோர் இனித் தனியார் கம்பனியிடம் போகவேண்டும். அங்கே எல்லாம் இணையத்தில் நடக்கிறது, எல்லோருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது என்று சொல்லலாம். எமது ஆச்சிமாரின் நிலை அதுவல்ல.

எசெக்ஸைப் போல எமது பிரதேச சபைகள் செய்யமுடியுமா? அவ்வளவு பணம் இல்லை. சட்டமும் இடந்தராது: 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தில் தபால் மத்திய அரசுக்கு ஒதுக்கிய நிரலில் இருக்கிறது, மாகாண சபைக்கே இல்லாத அதிகாரம் பிரதேச சபைக்கு எப்படி வரும்? ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என்று பதினேழு சபைகள் உள்ளன. அவற்றிடம் உப அலுவலகங்கள் உண்டு, நூலகங்கள் உண்டு, சந்தைக் கட்டடங்கள் உண்டு. வீட்டுக்காரர் அறையைத் திருப்பிக் கேட்கும் நாளில் சபை நூலகத்தின் ஓர் அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க முன்வந்தால், கந்தோர் அயலூருக்குப் போக நேராது. தபாற் திணைக்களத்தோடு எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். அது நடக்கமுடியாத காரியமல்ல. ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகையும் வீடுகளுக்கு இலக்கமும் முழுமையாகப் போடுவது இன்னொன்று. புதிதாக வேலைக்கு வரும் இளந் தபாற்காரருக்குப் பழையவரின் ஞாபகம் இல்லை; பலகை இல்லாத ஊரில் கடிதம் திரும்பிப் போகிறது, பிறகு இங்கே தபால் குறைவு என்று கணக்கு எழுதப்படுகிறது. மூடும் பேச்சு எழுந்த பிறகு செய்யும் தீர்மானத்தைவிட, உப தபாலதிபர் ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போதே வெற்றிடத்தை நிரப்பக் கேட்டு அனுப்பும் தீர்மானத்துக்குப் பயன் கூட என்பது எமது அபிப்பிராயம்.

2016ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத் திருத்தத்தால் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்று ஆயிற்று. 2018 தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. 1998இல் ஒரு பெண் முதல்வரைப் பார்த்து அதிசயப்பட்ட குடாநாட்டில் இன்று எந்தச் சபைக் கூட்டத்திலும் பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எமது பழைய மாணவிகளும் உண்டு. தெருவிளக்கையும் வடிகாலையும் பற்றிப் பேசி முடித்த பின், தத்தம் வட்டாரத்து உப தபாலகம் யாருடைய கட்டடத்தில் இருக்கிறது, அதன் தபாலதிபருக்கு இன்னும் எத்தனை ஆண்டு சேவை இருக்கிறது, மாதம் எத்தனை பேர் அங்கே கொடுப்பனவு எடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் அவர்கள் சபையிற் கேட்டுப் பதிலைக் கூட்ட அறிக்கையில் ஏற்றிவிட வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் எழுதியிருக்கிறோம். அந்தக் கடிதங்களைப் பதிவுத் தபாலிலேயே அனுப்பினோம்.